காலையில் ஒட்டும், நண்பகலில் ஒட்டாது!

சித்திரை வெயிலில், தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குக் காரில் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது குளிர்ந்த காற்று வருகிறது. கந்தர்வக்கோட்டையை நெருங்கும்போது அனல் காற்று! மாலையில் வண்டியைக் கிளப்பினால் மீண்டும் குளிர்ச்சி. என் நண்பர் ஒருவருக்கு இதே அனுபவம். பழுதுபார்த்த இடத்தில், "கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும்" என்று கூறிவிட்டார்கள். உண்மையில் கம்ப்ரஸரில் எந்தக் குறையும் இல்லை. அதன் முகப்பிலுள்ள கிளட்சில்தான் கோளாறு.

எஞ்சின் ஓடும்வரை, பெல்ட் கம்ப்ரஸரின் கப்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கம்ப்ரஸரின் தண்டு தேவைப்படும்போது மட்டுமே சுழல வேண்டும் அல்லவா? இதற்காகக் கப்பியின் உட்புறம் செம்புக் கம்பிச்சுருள் ஒன்று அசையாமல் பொருத்தப்பட்டுள்ளது. கப்பிக்கு முன்னே, தண்டோடு இணைந்த எஃகுத் தட்டு இருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அது மின்காந்தமாகிறது. தட்டு 'டக்' என்று கப்பியோடு ஒட்டிச் சுழல்கிறது. மின்னோட்டம் நின்றால் வில் தட்டைப் பின்னுக்கு இழுத்துவிடும். 1825-இல் ஸ்டர்ஜன் லாட வடிவ இரும்பில் கம்பி சுற்றிச் செய்த மின்காந்தத்தின் வாரிசுதான் இது.

சரி, நண்பகலில் ஏன் ஒட்டவில்லை? குளிர்ந்த நிலையில் சுருளின் மின்தடை 3.6 ஓம் எனக் கொள்வோம். 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் பாயும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடும். எஞ்சின் வெப்பத்தில் சுருள் 80 டிகிரி சூடேறினால் தடை 4.7 ஓம், மின்னோட்டம் 2.5 ஆம்பியர்தான். கவர்ச்சி விசையோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே அது ஏறத்தாழ 58 விழுக்காடாகக் குறைகிறது!

இது மட்டுமானால் சமாளித்துவிடலாம். தட்டுக்கும் கப்பிக்கும் இடையிலுள்ள இடைவெளி பல வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரைதான். உராய்ந்து தேயத் தேய அது அகலும். இடைவெளி இரட்டித்தால் விசை சுமார் கால் பங்காகும். சூடும் சேர்ந்தால் தட்டு வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடு. சுருளின் எனாமல் பூச்சு கருகும். நண்பரின் வண்டியில் நடந்தது இதுவே.

எனவே முதலில் மல்டிமீட்டரால் தடையை அளந்து பாருங்கள். முள் அசையவே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. அளவு சரியாக இருந்தால் சுருளை விட்டுவிட்டு இடைவெளியைக் கவனியுங்கள். தட்டுக்குப் பின்னுள்ள மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டாலே போதுமானதாக இருக்கலாம்.

சுருளையே மாற்ற நேர்ந்தால், பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து, நடு போல்ட், தட்டு, சர்க்லிப், கப்பி, இன்னொரு சர்க்லிப் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். வாஷர்கள் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. வாயுக் குழாய்களைத் தொடவே வேண்டாம். பல கார்களிலுள்ள ஆர்-134ஏ வாயு, கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடாக்கக்கூடியது. அதை வீணே வெளியேற்றுவானேன்?

இன்னொன்று. மின்னோட்டம் நிற்கும்போது தன்மின்தூண்டலால் எழும் உயர் மின்னழுத்தத்தைத் தடுக்க, சில சுருள்களில் டயோடு ஒன்று இருக்கும். அத்தகைய சுருளின் முனைகளை மாற்றி இணைத்தால், ஸ்விட்சைப் போட்டதுமே ஃபியூஸ் போய்விடும்.