எதிர்நீச்சல் போடும் கிருமிகள்

சம்பா விளைந்து நிற்கும் தை மாதத்தில் தஞ்சை வயல்களுக்கு எலிகள் வந்து சேர்கின்றன. எலிகளைத் தேடிப் பாம்புகளும் வருகின்றன. வரப்பில் நடப்பவரின் கால் தவறிக் கண்ணாடி விரியன் மேல் பட்டுவிட்டால் என்ன ஆகும்? கடிபட்டவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகு மருத்துவர்கள் உன்னிப்பாகக் கவனிப்பவற்றுள் ஒன்று, நோயாளியின் சிறுநீர். விரியனின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுப்பதோடு சிறுநீரகங்களையும் தாக்கக்கூடியது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லிலிட்டராவது சிறுநீர் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

உடல்நிலை மோசமானவருக்கு இதை மணிக்கு மணி அளப்பது எப்படி? சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமுனையை ஒரு பிளாஸ்டிக் பையில் இணைத்துவிடுகிறார்கள். இதுதான் கதீட்டர். வார்டில் 'யூரின் டியூப்' என்பார்கள். பக்கவாதத்தில் நினைவிழந்தவர், புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்ட முதியவர், பெரிய அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்கும் இது தேவைப்படுகிறது.

உயிர் காக்கும் இந்தக் குழாயே கிருமிகளுக்கும் பாதையாகிவிடுகிறது என்பதுதான் சங்கடம். மருத்துவமனையில் வந்து ஒட்டிக்கொள்ளும் தொற்று நோய்களில் மிகச் சாதாரணமானவற்றுள் இதுவும் ஒன்று. சிலருக்குக் கிருமி இரத்தத்திலும் கலந்து உயிருக்கே ஆபத்தாகிறது. பாம்புக்கடியிலிருந்து தப்பியவர் ஒரு குழாயால் துன்பப்படலாமா?

நம் உடலில் இயற்கையான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. வழி தவறிச் சிறுநீர்ப் பாதையில் ஏறும் பாக்டீரியாக்களை, ஒவ்வொரு முறை நாம் சிறுநீர் கழிக்கும்போதும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பையும் ஏறக்குறைய முழுவதும் காலியாகிவிடுகிறது. கதீட்டர் போட்டதும் இந்த இரண்டும் நின்றுபோகின்றன.

எப்படி என்று பார்ப்போம். இன்று பெரிதும் பயன்படும் குழாயை 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கினார். அதன் நுனியருகே ஒரு சிறு ரப்பர் பலூன் உண்டு. குழாய் உள்ளே போனதும், பலூனில் சுமார் 10 மில்லிலிட்டர் தூய நீரை ஏற்றுவார்கள். பலூன் உப்பி, சிறுநீர்ப்பையின் வாயில் தங்கிக்கொள்ளும், குழாய் நழுவாது. நல்ல யோசனைதான். ஆனால், சிறுநீர் நுழையும் துளை பலூனுக்கு மேலே அல்லவா இருக்கிறது! வயலின் வடிகால் வாயை ஒரு சாண் உயரத்தில் வெட்டினால் என்ன ஆகும்? எவ்வளவு வடித்தாலும் அந்த ஒரு சாண் தண்ணீர் தேங்கியே கிடக்கும். அதேபோல் பலூனைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் சிறுநீர் தேங்கி நிற்கிறது. உடல் வெப்பத்தில் தேங்கும் நீர் கிருமிக்கு விருந்து.

சரி, சிறுநீர் கீழ்நோக்கி ஓடும்போது கிருமி மேலே ஏறுவது எப்படி? கல்லணை திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது மீன்கள் எதிரேறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கிருமிகள் வேறு வகையில் ஏறுகின்றன. திருவையாற்றுப் படித்துறையில் நீருக்குள் இருக்கும் படியில் கால் வைத்தால் வழுக்குகிறதல்லவா? கல்லின் மேல் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஒரு போர்வையைச் சுரந்து, அதற்குள் குடியிருக்கின்றன. ஆறு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது போவதில்லை. கதீட்டரின் உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் இதே வழவழப்பான படலம்தான் படர்கிறது. படலம் மெல்ல மெல்ல மேலே வளர்ந்து சிறுநீர்ப்பையை எட்டுகிறது. உள்ளிருக்கும் கிருமிகளை மருந்தாலும் எளிதில் அழிக்க முடிவதில்லை.

இவற்றுள் புரோட்டியஸ் என்ற பாக்டீரியா ஒரு சிறு இரசாயனச் சாலையே நடத்துகிறது. சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. உடனே சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பாஸ்பேட்டுகள் படிகங்களாக வெளிப்பட்டுக் குழாயின் சுவரில் படிகின்றன. நாளடைவில் குழாயே அடைத்துக்கொள்கிறது!

முன்பெல்லாம் குழாயின் மறுமுனை கட்டிலடியில் வைத்த திறந்த பாட்டிலில் விடப்பட்டிருந்தது. 4 நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி ஏறிவிடும். 1958-ல் பால் பீசன் என்ற மருத்துவர், கதீட்டரின் மேல் குற்றப்பத்திரிகை படிப்பது போல் ஒரு தலையங்கமே எழுதினார். 1966-ல் கால்வின் குனின், தம் சகாவுடன் சேர்ந்து, குழாயையும் பையையும் எங்கும் திறக்காத ஒரே மூடிய பாதையாக வைத்தால் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். மருந்து எதுவும் இல்லை. மூடி வைத்ததுதான் வித்தை.

இந்த மூடிய பாதையைக் காப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் தாத்தாவுக்குத் துணையாகக் கட்டிலருகே இருப்பது பல நேரங்களில் வீட்டுப் பிள்ளைகள்தானே? பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக்கூடாது. எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பதைப் பார்க்கலாம். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். பையிலிருந்த பழைய சிறுநீர் அப்படியே திரும்பி உள்ளே போகும். குழாய் மடங்கவோ உடலுக்கடியில் நசுங்கவோ கூடாது. குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைக் கழற்றவே கூடாது. காலி செய்யப் பையின் அடியில் தனி வாய் இருக்கிறது. அது பாத்திரத்தில் முட்டக்கூடாது. பக்கத்துக் கட்டிலுக்குப் பயன்படுத்திய பாத்திரமும் வேண்டாம். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இவ்வளவு செய்தாலும் காலம் கிருமியின் பக்கம்தான். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீத நோயாளிகளுக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகத் தோன்றுகிறது. 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். முதல் நாள் முடிவில் 100 பேரில் 95 பேர் தப்புவார்கள். மறுநாள் அந்த 95-ல் 95 சதவீதம். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 10-வது நாளில் சுமார் 60 பேர்தான் மிஞ்சுவார்கள். எனவே, தேவை முடிந்த நாளிலேயே குழாயை எடுத்துவிடுவதுதான் மிகச் சிறந்த தடுப்பு. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் நான்கு மருத்துவமனைகளில் விசாரித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தம் நோயாளிக்குக் கதீட்டர் இருப்பதே மருத்துவருக்குத் தெரியாத நிலை கால் பங்குக்கும் மேல் காணப்பட்டது! அதனால்தான் 'இன்றும் இது தேவையா?' என்று தினமும் கேட்டுக் குறித்துவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. துணைக்கு இருப்பவரும் காலையில் டாக்டர் வரும்போது, "ஐயா, டியூபை எப்போது எடுக்கலாம்?" என்று பணிவாகக் கேட்கலாம். அவசியமில்லாதபோது குழாயே போடாமல், படுக்கையில் வைக்கும் சிறுநீர்க் கலத்தைக் கொண்டே சமாளிப்பதும் உண்டு.

குறுக்கு வழி இல்லையா என்று கேட்பீர்கள். வெள்ளி கலந்த பூச்சுள்ள குழாயைப் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2012-ல் வந்த முடிவு ஏமாற்றமே. சாதாரணக் குழாயைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. முன்கூட்டியே ஆன்ட்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். சிறுநீரில் கிருமி தென்படுவது மட்டுமே நோய் ஆகிவிடாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி போன்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தே பெரும்பாலும் மருத்துவர் மருந்தை முடிவு செய்கிறார்.

குழாயை எடுப்பது ஒரு நிமிட வேலை. செவிலியர் ஊசிக்குழலால் பலூனின் நீரை உறிஞ்சிவிட்டு மெல்ல இழுப்பார். நீர் நிறைந்த பலூனோடு நோயாளி தானே இழுத்துவிட்டால் பாதை கிழிந்துவிடும். குழப்பத்தில் இருப்பவரின் கை மேல் ஒரு கண் இருக்கட்டும். எடுத்த பிறகு சில மணி நேரத்துக்குள் அவர் தானாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் தடவை சற்று எரியலாம். எவ்வளவு போனது என்று செவிலியர் கேட்பார். அளவுக் குவளையைக் கட்டிலடியில் தயாராக வைத்திருங்கள்.