தூய்மைவாதிகளின் அன்றாட வாழ்வு

பதினாறாம் நூற்றாண்டிலே, இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சிநின்ற கத்தோலிக்கச் சடங்குகளைக் களைந்து அதனைத் தூய்மை செய்தல் வேண்டுமென வற்புறுத்தியோர் 'பியூரிற்றன்' என அழைக்கப்பட்டனர். தூய்மைவாதிகள் என்பது அதன் பொருள். பகைவர் ஏளனமாக இட்ட அப்பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. அரசினதும் திருச்சபைத் தலைவரினதும் நெருக்குதல் மிகவே, அவருட் பலர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தனர். 1630இல் யோன் வின்திரொப் தலைமையில் ஒரு பெருங் கூட்டத்தினர் மசச்சூசெற்ஸ் குடாவிற் குடியேறினர். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் நியூ இங்கிலாந்தை அடைந்தனர்.

இவர்கள் எந்நாளும் கறுப்புடை உடுத்து, இன்பமெல்லாம் வெறுத்து வாழ்ந்தனர் என்பது பலரது எண்ணம். அது முற்றிலும் உண்மையன்று. நல்ல கறுப்புத் துணி விலை மிக்கது. பொதுமக்கள் கபிலம், சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களையும் உடுத்தனர். சோளம், அவரை, பூசணி, மீன் என்பன அவர்தம் உணவு. பியர் அன்றாடப் பானமாயிருந்தது. குடித்தலையன்று, குடிவெறியையே அவர் கடிந்தனர்.

ஓய்வுநாள் சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடும். ஞாயிறன்று வேலையும் விளையாட்டும் விலக்கப்பட்டன. கோயிலென்பது கட்டடமன்று, அடியார் கூட்டமே என்பது அவர் கொள்கை. ஆதலின் தொழுமிடத்தைக் 'கூட்டமண்டபம்' என்றே வழங்கினர். அங்கே சிலையில்லை, இசைக்கருவியில்லை, கடுங்குளிரிலும் கணப்பில்லை. காலையிலும் பிற்பகலிலும் நெடும் பிரசங்கங்கள் நிகழ்ந்தன. ஆண்களும் பெண்களும் வேறாக இருந்தனர். அவரவர் தகுதிக்கும் வயதுக்கும் ஏற்ப இருக்கைகள் வகுக்கப்பட்டன. வேதநூலில் விதிக்கப்படாத விழாக்களை அவர் ஏற்றிலர். மசச்சூசெற்ஸில் 1659 தொடக்கம் 1681 வரை, நத்தார்ப் பண்டிகையைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது.

இல்லத்தை ஒரு சிறு திருச்சபையாகவே அவர் கருதினர். தந்தை காலையும் மாலையும் வேதநூலை வாசித்துப் பிரார்த்தனை நடாத்துவான். ஆயினும் திருமணத்தை அவர் சமயச் சடங்காகக் கொள்ளவில்லை. நீதவான் முன்னிலையில் நிகழும் ஒப்பந்தமாகவே அது நடைபெற்றது. தக்க காரணமிருப்பின் மணமுறிவும் அனுமதிக்கப்பட்டது.

வேதநூலை ஒவ்வொருவரும் தாமே வாசித்தறிதல் வேண்டும் என்னும் கொள்கையே அவர்தம் கல்வி முயற்சிக்கு ஊற்றாயிற்று. 1636இல் ஹாவாட் கல்லூரி நிறுவப்பட்டது. பிள்ளைகட்கு வாசிக்கக் கற்பித்தல் பெற்றார் கடனென 1642ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஐம்பது குடும்பங்களுள்ள ஊர் ஆசிரியர் ஒருவரை நியமித்தல் வேண்டும், நூறு குடும்பங்களுள்ள ஊர் இலக்கணப் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1647ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது.

இவ்வொழுங்கிற்கு மற்றொரு முகமும் உண்டு. ஒருவர் பாவம் ஊர் முழுவதற்கும் இறைவனின் சினத்தைக் கொணருமென அவர் நம்பினர். ஆகவே அயலார் ஒழுக்கத்தை நோக்குதல் ஒவ்வொருவர்க்கும் கடமையாயிற்று. தம் மனச்சாட்சிக்காக நாடு துறந்தவர், பிறர் மனச்சாட்சிக்கு இடங்கொடுத்திலர். மாறுபட்ட கருத்துரைத்த றொஜர் வில்லியம்ஸ் 1635இல் நாடுகடத்தும் தீர்ப்பைப் பெற்றார். 1659க்கும் 1661க்கும் இடையில் குவேக்கர் நால்வர் பொஸ்ரனில் தூக்கிலிடப்பட்டனர். 1692இல் சேலம் என்னும் ஊரிலே சூனியக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சியூவல், 1697இல் சபை நடுவே எழுந்துநின்று, தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கூற்றை வாசிப்பித்தார். தன்னைத்தானே சோதிக்கும் அவர்தம் சமயப் பயிற்சியின் பயன் அதுவெனலாம். எனினும் மாண்டவர்க்கு அது காலங்கடந்த பயனே.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியோரும் இந்நியூ இங்கிலாந்து மரபினின்று வந்தோரே. சமயமும் பள்ளியும் பிரியலாகா என்பது அவர் கொண்டுவந்த மரபுரிமை. அவர்தம் பள்ளிகளில் எம்மவர் கல்வி பெற்றனர். அப்பள்ளிகளின் சமய நோக்கை எதிர்த்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளையின் கையில் நூலைக் கொடுத்த தூய்மைவாதிகளின் செயல் போற்றத்தக்கது. அந்நூலைத் தானே வாசித்து வேறு முடிபுக்கு வருவோனைப் பொறுக்கும் பண்பு அவரிடம் குறைவாயிருந்தது. கல்வி நிலையம் எதுவாயினும், முன்னதோடு பின்னதையும் பேணுதல் அதன் கடனாகும்.