குளத்து மீனுக்கு யார் எமன்?



சில ஆண்டுகளுக்கு முன், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து விடியற்காலையில் போன் வந்தது. "அண்ணே, சீக்கிரம் வாங்க! குளத்து மீனெல்லாம் செத்து மெதக்குது. எவனோ மருந்து கலந்துட்டான்!"

ஓடினேன். திலாப்பியா மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. லயத்து ஆட்கள் இரண்டு கட்சியாகி, கைகலக்கும் நிலை. பலர் வீட்டுக் குழம்புக்கு அந்தக் குளம்தானே துணை!

மீன்வள இலாகாவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் உண்மையை விளக்கினார். யாரும் மருந்து கலக்கவில்லை. செம்பனைக்கு உரம் போட்ட அன்றே பெருமழை. உரம் கரைந்து குளத்தில் இறங்கியது. அடுத்து வந்த வெயிலில் பாசி மண்டியது. பாசி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் தானே உறிஞ்சிக்கொள்ளும். விடியுமுன் மீனுக்கு மூச்சு முட்டிவிடும்.

வெயில் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 20 பாகை உஷ்ணத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு தங்கும். 30 பாகையில் ஏழரைதான். 2016-இல் எல் நினோ வெயிலால் பெர்லிசிலும் கெடாவின் ஒரு பகுதியிலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். மனிதனுக்கே அப்படியென்றால் மீன் என்ன செய்யும்?

மீனோடு போகிற சங்கதியும் அல்ல. பினாங்கின் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்று நீர். வறட்சிக்குக் கைகொடுக்க, நம் பக்கத்தில் 1985-இல் கட்டி, பின்னர் பெரிதாக்கிய மெங்குவாங் அணை இருக்கிறது. ஆற்றிலும் அணையிலும் பாசி பெருகினால் தண்ணீரில் வாடை வரும். சுத்திகரிக்கும் செலவும் கூடும்.

அதற்காக மீன் வளர்ப்பை விட வேண்டியதில்லை. தீனியை அளவோடு போடுங்கள். மிஞ்சிய தீனியும் அழுகிப் பிராணவாயுவைத் தின்னும். நீர்க்கரையில் புல்லை விட்டுவையுங்கள். அது உரத்தைத் தடுத்து நிறுத்தும். வானம் கறுத்தால் உரம் போடக் கூடாது.

"நிறுத்தினா எங்க கூலிக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! மூட்டைக் கணக்கில் கூலி என்றால், மழைக்கு முன் கொட்டி முடிக்கத்தான் கை பரபரக்கும். மழைக்காக வேலையை நிறுத்தும் நாளில் கூலி குறையக் கூடாது என்று நிர்வாகத்திடம் பேச வேண்டும். சம்பளப் பேச்சில் இதையும் சேர்ப்போம்.

அன்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தோம். இனி எல்லோரும் சேர்ந்து ஆபீசுக்குப் போவோம்!