12 ஆயிரம் ரூபாய் 'பசுமை' ஜெர்கின்: வாங்கலாமா, வேண்டாமா?

ஊட்டி:

மழையும் குளிரும் போட்டி போடும் நீலகிரிக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு நல்ல ஜெர்கின். தாவரவியல் பூங்கா அருகே உள்ள திபெத்தியன் மார்க்கெட்டில் பேரம் பேசி ஸ்வெட்டர், குல்லா வாங்கிக்கொண்டு கிளம்பியது ஒரு காலம். இப்போது மலையேற்றம் போகும் இளைஞர்கள் 'சுற்றுச்சூழலுக்கு கேடு செய்யாத ஜெர்கின்' என்று தேடுகிறார்கள். 10 ஆயிரம், 12 ஆயிரம், அதற்கு மேலும் விலை போகிறது. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகம்.

ஒரு ஜெர்கினுக்கு ஒரு மாச சம்பளமா என்று வாயைப் பிளப்பவர்களும் உண்டு. விலைக்கு ஏற்ற சரக்குதானா?

ஏன் இவ்வளவு விலை?

நல்ல மழை ஜெர்கினில் துணிக்கு உள்ளே மெல்லிய சவ்வு இருக்கும். வெளியே உள்ள மழைத்தண்ணி உள்ளே வராது. உள்ளே உள்ள வியர்வை ஆவி வெளியே போகும். தையல் ஓட்டைகளை உள்பக்கம் டேப் வைத்து அடைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் ரெயின்கோட்டும் மழையை தடுக்கும். ஆனால் மலை ஏறும்போது வியர்த்து உள்ளேயே நனைந்து, நின்றதும் குளிர் எடுக்கும்.

'பசுமை' என்ற பெயருக்கு தனி செலவு. தண்ணி ஒட்டாமல் இருக்க பூசும் 'பி.எப்.ஏ.எஸ்.' ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணியிலும் லேசில் அழியாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் துணிகளில் இதற்கு தடை போட்டது. கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். மாற்றுப் பூச்சுக்கு செலவு ஆகும்.

சாயக்கழிவை சுத்தம் செய்யவும் பணம் வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை திருப்பூர் பார்த்துவிட்டது. நொய்யல் ஆறு சாயத்தண்ணியானது. ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி விவசாயிகள் தவித்தார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. துணி மலிவாக கிடைத்தபோது மிச்சக் காசை கட்டியது ஆற்றங்கரை விவசாயிதான்.

கணக்கு போட்டுப் பாருங்க

விலையை மட்டும் பார்க்கக் கூடாது. எத்தனை நாள் போடுவோம் என்று வகுத்துப் பார்க்கணும்.

வருஷத்துக்கு 4 நாள் டூர் போகிறவர் 12 ஆயிரம் ரூபாய் ஜெர்கினை 10 வருஷம் வைத்திருந்தாலும் 40 நாள்தான் போடுவார். ஒரு நாளைக்கு 300 ரூபாய். 1,500 ரூபாய் ஜெர்கின் 5 வருஷம் தாங்கினால் நாளைக்கு 75 ரூபாய்தான். அவருக்கு விலை ஜெர்கின் வீண் செலவு.

கூடலூர், பந்தலூர் மழையில் தினமும் பைக்கில் போகிறவர் கதை வேறு. வருஷம் 80 நாள் போடுகிறார். 1,500 ரூபாய் ஜெர்கின் ஒரே மழைக்காலத்தில் கிழிந்தால் 8 வருஷத்துக்கு 8 ஜெர்கின். அதுவும் 12 ஆயிரம்தான். கிழிந்த எட்டும் குப்பைக்குத்தான் போகும். ஆனால் மலிவு ஜெர்கின் 2 மழைக்காலம் தாங்கினால் செலவு பாதிதான்.

பீரோவில் வைத்தாலும் கெடும்

பத்திரமாக மடித்து வைத்தால் காலத்துக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம். ஈரமாக மடித்து வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். எந்த விலை ஜெர்கினுக்கும் இது நடக்கலாம். அடிக்கடி போடாதவர்கள் அதிக விலை கொடுக்கத் தயங்க இது இன்னொரு காரணம்.

பழைய பாட்டிலில் இருந்து செய்தது என்றாலே முழு பசுமை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் 'பட்டகோனியா' நிறுவனம் 1993-லேயே பாட்டில் பிளாஸ்டிக்கில் கம்பளி போன்ற துணி செய்தது. ஆனால் அந்த வகை துணியை துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்கு போகின்றன. அதே நிறுவனம் 2011 நவம்பரில் தன் ஜெர்கின் படத்தையே போட்டு 'இதை வாங்காதீர்கள்' என்று நியூயார்க் டைம்சில் விளம்பரம் கொடுத்தது. தேவை இல்லாமல் வாங்காதீர்கள், கிழிந்தால் தைத்துப் போடுங்கள் என்பதுதான் சேதி.

வாங்கும் முன் கவனிக்க

'ஈகோ', 'கிரீன்' என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. இயற்கை பருத்திக்கு 'ஜி.ஓ.டி.எஸ்.', மறுசுழற்சி துணிக்கு 'ஜி.ஆர்.எஸ்.' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கணும். ஜிப், தையல் டேப்பை கையால் இழுத்துப் பார்க்கலாம். ஜிப் போனால் மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுவிட வேண்டும். மாற்ற வழி இல்லாத ஜெர்கின் ஒரு ஜிப்போடு முடிந்துவிடும்.

ஆதாரம் இல்லாமல் பசுமை என்று விளம்பரம் செய்யக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விதிமுறை கொண்டு வந்தது. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மழையில் தினமும் நடமாடுகிறவர், ரிப்பேர் வசதியும் இருந்தால், நல்ல ஜெர்கினுக்கு செலவு செய்யலாம். இரண்டு நாள் ஊட்டி பார்க்க வருகிறவருக்கு வீட்டில் இருக்கும் பழைய ஜெர்கினே போதும். புதிதாக எதையும் தயாரிக்கத் தேவை இல்லாத அதுதான் இருப்பதிலேயே பசுமையான ஜெர்கின்.