தாய்யூவின் புருவமும் தாமிரக்காசுத் தலைகளும்

1984. பெய்ஜிங்கில் யுவான்மிங்யுவான் என்னும் பழைய கோடைக்கால அரண்மனை. 1860-இல் பிரிட்டிஷ் படைகள் எரித்துவிட்டுப் போன நாளிலிருந்து இடிபாடாகக் கிடக்கும் இடம். அங்கே இளம்பெண்களும் பையன்களும் கூட்டமாக வந்து தங்கியிருக்கிறார்கள். எல்லோர் கையிலும் ஒரே புத்தகம். ச்சின் என்ற நரம்பிசைக் கருவியைத் தொட்டுப் பழகுகிறார்கள், தூரிகை பிடிக்கிறார்கள், பலகையில் காய் வைத்து ஆடக் கற்கிறார்கள். பெரிய பெரிய அறிஞர்கள் வந்து பாடம் நடத்துகிறார்கள். இது எந்தக் கல்லூரி? சொல்லும்போதே எனக்குக் குஷி தாங்கவில்லை. இது ஒரு டிவி சீரியலுக்கான பயிற்சி முகாம்!

அந்தப் புத்தகம் 'செம்மாடக் கனவு'. 18-ஆம் நூற்றாண்டில் த்சாவ் ஷுவேச்சின் எழுதிய நாவல். ஒரு பெருங்குடும்பம் வாழ்ந்து கெட்ட கதை. இந்த ஒரு நாவலை ஆராய்வதற்கென்றே சீனாவில் 'ஹோங்ஷ்யுவே' என்று தனித்துறை இருக்கிறது. அதைத் திரைக்குக் கொண்டுவருவது அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நகை பூட்டி மேடையேற்றுவது மாதிரி. ஊரே வந்து நின்று குறை சொல்லும். இயக்குநர் வாங் ஃபூலினுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் புகழ்பெற்ற நட்சத்திரங்களைத் தேடாமல் நாடு முழுக்கப் புதுமுகங்களைத் தேடினார். கேமராவை எடுக்குமுன் புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

லியாவ்னிங் மாகாணத்து அன்ஷான் நகரத்திலிருந்து சென் சியாவ்ஷு என்ற இளம் நாடக நடிகை கடிதம் போட்டார். கூடவே ஒரு புகைப்படமும், தான் எழுதிய ஒரு கவிதையும். கதாநாயகி லின் தாய்யூவாகத் தன்னைத் தவிர வேறு யாரையும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு பாத்திரம் தந்தால் நடிப்பாயா என்று இயக்குநர் சோதித்துப் பார்த்தாராம். நான் வேறொருத்தியாக நடித்தால், தாய்யூ வந்து அவளாக நடிக்கிறாள் என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள் என்கிற மாதிரி பதில் வந்ததாம். என்ன துணிச்சல்! என்ன நம்பிக்கை! அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இனி மேக்கப் அறைக்குள் எட்டிப் பாருங்கள். ஒப்பனைக் கலைஞர் யாங் ஷூயுன் ஒரு ஜோடிப் புருவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். தாய்யூவின் புருவமும் கண்ணும் எப்படி இருந்தன என்று நாவலாசிரியர் எழுதியிருக்கிறார்தான். ஆனால் கையெழுத்துப் பிரதிக்குப் பிரதி அந்த வரி மாறுகிறது! அன்றைய லெனின்கிராடில் ஒரு பழைய பிரதி இருந்தது. அதில் அவள் கண்களைப் பற்றிய வர்ணனையே வேறு. அதைப் பார்க்க ஹோங்ஷ்யுவே அறிஞர்கள் சோவியத் நாட்டுக்குப் போனதும் இதே 1984-இல்தான். ஒரு பக்கம் அறிஞர்கள் பனிக்காலத்து லெனின்கிராடில் ஏட்டைப் புரட்ட, இன்னொரு பக்கம் ஒப்பனைக்காரர் பென்சிலை எடுத்துப் புருவத்தை வளைக்க, எல்லாம் ஒரு கற்பனைப் பெண்ணின் முகத்துக்காக. இதைவிட அழகான காட்சியை நான் எந்த சீரியலிலும் பார்த்ததில்லை.

செட்? அட்டையும் பிளைவுட்டும் இல்லை. நாவலில் வரும் தோட்டத்தை பெய்ஜிங்கின் தென்மேற்கில் நிஜமாகவே கட்டிவிட்டார்கள், குளம் குன்று மண்டபம் எல்லாம் வைத்து. தாகுவான்யுவான் என்ற பெயரில் இன்றும் பூங்காவாக இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கலாம். இசையமைப்பாளர் வாங் லிபிங் நாலரை ஆண்டு இதற்காக உட்கார்ந்தார். தாய்யூ உதிர்ந்த பூக்களை மண்ணில் புதைக்கும் காட்சிக்கான ஒரே ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஆண்டு! பாட வைத்ததோ சாங்சுன் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்த சென் லி என்ற பெண்ணை. பெயர் பெற்ற பாடகிகள் இருக்க இவர் எதற்கு என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. இன்று அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டை யாராலும் நினைக்க முடியாது.

இப்போது சண்டைக்கு வருவோம். பெரிய சண்டை!

நாவலாசிரியர் கையால் வந்தவையாகப் பிரதிகளில் கிடைப்பவை முதல் 80 அத்தியாயங்கள்தான். 1791-இல் செங் வெய்யுவானும் காவ் அவும் 120 அத்தியாயங்களாக அச்சிட்டார்கள். கடைசி 40 யாருடையவை என்ற வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அந்த முடிவில்தான் குடும்பத்தார் சதி செய்து, தாய்யூ என்று நம்பவைத்து, முக்காடு போட்ட பாவ்சாய் என்ற வேறொரு பெண்ணைக் கதாநாயகன் பாவ்யூவுக்குக் கட்டிவைக்கிறார்கள். அதே நேரத்தில் தாய்யூ உயிர்விடுகிறாள். தலைமுறை தலைமுறையாக ஓப்பரா மேடைகளில் ஜனங்கள் அழுத காட்சி. 1987-இல் வந்த 36 எபிசோடு சீரியல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது! முதல் 80 அத்தியாயங்களில் ஆசிரியர் தூவிவிட்டுப் போன குறிப்புகளையும், பழைய பிரதிகளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்ட உரைகளையும் சேர்த்துவைத்து, கடைசி ஏழு எபிசோடுகளைப் புதிதாக எழுதினார்கள். வீட்டையே ஆட்டிப்படைத்த வாங் சீஃபெங்கின் பிணத்தைப் பாயில் சுருட்டிப் பனியில் இழுத்துப் போகிறார்கள். அந்த வேடத்தில் சிச்சுவான் ஓப்பராவிலிருந்து வந்த தெங் ச்சியே. முதல் எபிசோடுகளில் அந்தப் பட்டும் தங்கமும் கலீரென்ற சிரிப்பும், கடைசியில் அந்தப் பாய்! பார்த்த மனசு அடங்கவே அடங்காது.

வெளிவந்தபோது அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. முடிவை மாற்ற நீங்கள் யார் என்றது ஒரு கட்சி. நாவலின் கனவுலகத்தை, தேவலோகப் பகுதியை வெட்டியது ஏன் என்றது இன்னொரு கட்சி. அதே சீரியலுக்கு இன்று தோபான் தளத்தில் பார்வையாளர்கள் 10-க்கு 9.5-க்கும் மேல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்து 2010. லி ஷாவ்ஹோங் இயக்கத்தில் 50 எபிசோடுகள். இந்த முறை 120 அத்தியாயமும் உண்டு, சதிக் கல்யாணமும் உண்டு. நாவலின் வாசகங்களையே பின்னணிக் குரல் படித்துக்கொண்டே வருகிறது. மூலத்துக்கு இதைவிட விசுவாசம் யார் காட்ட முடியும்? ஆனால் முதல் படங்கள் வெளியானதுமே நாடு கொந்தளித்தது, தலைமுடிக்காக! உடையும் தோற்றமும் வடிவமைத்தவர் திம் யிப், 'க்ரவுச்சிங் டைகர்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஓப்பரா நடிகைகள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் முடிச்சுருள்களிலிருந்து யோசனை எடுத்து, எல்லாப் பெண்களுக்கும் நெற்றியில் வட்ட வட்டமாக முடி ஒட்டிவிட்டார். பார்வையாளர்கள் வைத்த பெயர், 'தாமிரக்காசுத் தலை'. யார் பாவ்சாய், யார் தாய்யூ என்றே தெரியவில்லை என்று புலம்பல். தாய்யூ பூசினாற்போல் இருக்கிறாள், நோயாளிப் பெண்ணுக்கு இத்தனை கன்னமா என்று ஒரு கூச்சல். இசை பேய்க்கதை மாதிரி இருக்கிறது என்று இன்னொன்று. (அந்தக் கூட்டத்தில் சிங் சியூயென் என்ற சின்ன வேடத்தில் யார் வருகிறார் தெரியுமா? பின்னாளில் 'மிங்லான்' கதாநாயகியாக உச்சிக்குப் போன சாவ் லியிங்! அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.)

கவனித்தீர்களா? நாவலின் முடிவையே மாற்றியவர்களை ஜனங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டியவர்கள் ஏச்சு வாங்கினார்கள். 'மூலத்துக்கு உண்மையாக இரு' என்று பார்வையாளர் கத்தும்போது அவர் கேட்பது வாசகத்தை இல்லை என்றே நான் நினைக்கிறேன். படித்த இரவுகளில் தன் கண்ணுக்குள் நடமாடிய அந்த முகத்தைக் கேட்கிறார். அந்த முகம் கிடைத்துவிட்டால் மற்றதை எல்லாம் மன்னித்துவிடுகிறார். ஒன்றேமுக்கால் ஆண்டு ஒரு பாட்டோடு உட்கார்ந்தவரும், புருவத்தோடு போராடியவரும் தேடியது அதைத்தான்.

இதற்கு 1994-இல் வந்த 'மூன்று ராஜ்ஜியங்கள்' சீரியல் இன்னொரு சாட்சி. 84 எபிசோடுகள், தலைமை இயக்குநர் மறுபடியும் நம் வாங் ஃபூலின்! வூசி நகரத்தில் தாய்ஹு ஏரிக்கரையில் ஓர் ஊரையே கட்டினார்கள். மதியூகி சூகே லியாங் வேடத்துக்கு தாங் குவோச்சியாங் என்றதும் முகம் சுளித்தவர்கள் ஏராளம். அழகான முகத்தால் அவருக்கு அதற்கு முன்பே கிரீம் தடவிய பையன் என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பையன் எப்படி இறகு விசிறி பிடிப்பான்? பிடித்தார்! இன்று சீனாவில் சூகே லியாங் என்றால் கண்ணில் வருவது அந்த முகம்தான். தளபதி குவான் யூவாக லு ஷுமிங் பாதி மூடிய கண்ணோடு நிற்பதைப் பாருங்கள். கோயிலிலிருந்து சிலை இறங்கி வந்தாற்போல் இருக்கும்.

2010-இல் காவ் சீசி 95 எபிசோடுகளில் அதே கதையை மீண்டும் எடுத்தபோது, நாவலில் வில்லனான சாவ் சாவுக்கு மனுஷத்தனம் கூடியது. இது எந்த நூல் என்று கிளம்பியது சண்டை. 3-ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாற்றில் ஒரு சாவ் சாவ், பல நூற்றாண்டு கழித்து லுவோ குவான்சோங் பெயரில் வந்த நாவலில் வேறொரு சாவ் சாவ். வரலாற்றுக் கட்சியும் நாவல் கட்சியும் மோதிக்கொள்ள, சின்னப் பிள்ளைகள் அந்த சீரியலின் வசனங்களை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கி விளையாடினார்கள். திட்டினவர்களே மறுபடி மறுபடி பார்த்தார்கள். எனக்கு அந்த சாவ் சாவ் ரொம்பப் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வேடத்தில் நடித்த சென் ச்சியென்பின் பின்னர் போட்டது யோங்செங் சக்கரவர்த்தி வேடம், 'சென் ஹுவான்' சீரியலில். 76 எபிசோடுகள்! இங்கே தையல்காரரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். லியு லியான்சி எழுதிய நாவல் நடப்பது ஒரு கற்பனை வம்சத்தில். இயக்குநர் செங் சியாவ்லோங் அதை அப்படியே தூக்கி 18-ஆம் நூற்றாண்டு ச்சிங் அரண்மனையில் இறக்கினார். உடனே கொண்டை, நகவுறை, உயரமான செருப்பு எல்லாம் மாறவேண்டும். வரலாற்றில் அடுத்த சக்கரவர்த்தி சியென்லோங்கின் தாய் நியோஹுரு குலத்தவர். அதனால் கற்பனை நாயகிக்கு அந்தக் குலப்பெயரைச் சூட்டி, இளவரசனை வளர்ப்பு மகனாக்கித் தைத்தார்கள். பார்வையாளர்கள் விட்டார்களா? அரசகுல ஆவணங்களை எடுத்துவைத்து ஒவ்வொரு தையலையும் பிரித்துப் பார்க்கிறார்கள். செம்மாட ஆய்வு மாதிரியே இதற்கும் 'சென் ஆய்வு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு ரகசியம்: நாயகி சுன் லியின் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஜி குவான்லின் என்ற டப்பிங் கலைஞரின் குரல். 2018-இல் அதே நாவலாசிரியையின் 'ரூயி' வந்தபோது சோ ஷுன் தன் சொந்தக் குரலில் பேசினார். பதின்வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கரகரப்பா என்று அடுத்த பஞ்சாயத்து. டப்பிங் வைத்தாலும் வழக்கு, வைக்காவிட்டாலும் வழக்கு!

இந்தப் பார்வையாளர்களுக்கென்று தனிச் சொற்களே உண்டு. நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள் 'யுவான்சு தாங்', மூலநூல் கட்சி. அவர்கள் வெறுக்கும் திருத்தம் 'மோ காய்', பேய்த்தனமான மாற்றம். ஆனால் 2015-இல் 'லாங்யா பாங்' வந்தபோது நாவலாசிரியை ஹாய் யென் தானே திரைக்கதை எழுதினார். நாவலில் இளவரசி நிஹுவாங்கின் மனசு நியெ துவோ என்பவனிடம் போயிருக்கும். திரையில் அந்தக் காதலே இல்லை, அவள் காத்திருப்பது நாயகனுக்காக. மாற்றியது எழுதிய கையே என்றால் கட்சி யாரோடு சண்டை போடும்? பாதிப்பேர் அந்தக் காத்திருப்பைப் பார்த்து உருகிவிட்டார்கள், நான் உட்பட.

பிழை பிடிப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. 2001-இல் வந்த, காங்ஷி சக்கரவர்த்தியைப் பற்றிய சீரியலில் பாட்டியரசி தன்னை ஷியாவ்சுவாங் என்று சொல்லிக்கொள்கிறார். அது செத்தபிறகு சூட்டப்பட்ட பட்டம்! இருபது வருடத்துக்கு மேலாகியும் அதை யாரும் மறக்கவில்லை. 2019-இல் மா போயோங் நாவலிலிருந்து வந்த 'சாங்ஆன்' சீரியலிலோ, 744-ஆம் ஆண்டின் ஒரே நாளை 48 எபிசோடுகளில் சொல்லி, தாங் வம்சக் காலத்து வணக்கமுறையில் விரல் வைக்கும் விதம்வரை பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஆனால் வரலாற்று மனிதர் லி மி திரையில் லி பி ஆகிவிட்டார். பெயரில் ஒரு அசைவு, உடனே ஆயிரம் ஊகம். அடுத்த ஆண்டு சோங் வம்சத்து அரசவையைக் காட்டிய 'ச்சிங் பிங் யுவே'யில் ஓயாங் ஷியூவும் ஃபான் சோங்யென்னும் வரிசையாக நுழைய, பள்ளிப்பிள்ளைகள் அலறினார்கள்: ஐயோ, நாங்கள் மனப்பாடம் செய்யவேண்டிய செய்யுளெல்லாம் எழுதினவர்கள் ஒரே அறையில்! 'மனப்பாடக் குழு' என்றே அவர்களுக்குப் பட்டம்.

படம் ஓடும்போதே பார்வையாளர் எழுதுவது திரைமேல் வலமிருந்து இடமாக ஓடும் வசதி அங்கே உண்டு, 'தான்மு' என்பார்கள். 1987 சீரியலை நான் முதலில் அதோடுதான் பார்த்தேன். தாய்யூ பல்லக்கிலிருந்து இறங்கும் இடத்தில் வரிகள் குவிந்து அவள் முகத்தையே மறைத்துவிட்டன. 2007-இல் சென் சியாவ்ஷு புற்றுநோயில் மறைந்துவிட்டார். அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகள்கூட அந்த இடத்தில் வந்து எழுதுகிறார்கள், தங்கை லின் வந்துவிட்டாள் என்று. நான் தான்முவை அணைத்தேன். பின்னுக்கு ஓட்டி, அந்தப் புருவத்தை மறுபடி பார்த்தேன்.