பள்ளி விட்டதும் ஆப்பிளுக்கு

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அறிமுகமானது ஆப்பிள் 2 கணினி. அதன் கதையை ஆப்பிள் நிறுவனர்களான வாஸ்னியாக், ஜாப்ஸ் என்ற இரு பெயர்களோடு முடித்துவிடுவது வழக்கம். கிறிஸ் எஸ்பினோசா, ராண்டி விக்கிண்டன் என்ற இரண்டு பள்ளி மாணவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எஸ்பினோசா வேலைக்குச் சேர்ந்தபோது வயது 14. பைட் ஷாப் என்ற கணினிக் கடையே கதியென்று கிடந்தவரை ஜாப்ஸ் அங்கேதான் பிடித்தார். வாஸ்னியாக் எழுதிய பேசிக் நிரல்மொழியைச் சோதிக்கும் வேலை 1976 குளிர்கால விடுமுறையில் அவருக்கு வந்தது. கேட்க விளையாட்டாக இருக்கும், விஷயம் அப்படியில்லை. முந்தைய கணினியான ஆப்பிள் 1இல் பேசிக்கை கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். பிழை தெரிந்தால் வேறு கேசட் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆப்பிள் 2இலோ அது ரோம் சில்லுகளிலேயே பதிந்திருந்தது. பதிந்தபின் ஒரு தவறு தெரிந்தால் சில்லையே மாற்றியாக வேண்டும்! போதாததற்கு, வாஸ்னியாக் அதை இயந்திரக் குறியீடாக மாற்றியது காகிதத்தில், கையால்.

அந்த பேசிக்குக்கு முழு எண்கள் மட்டுமே தெரியும். ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் 3 என்று கூசாமல் பதில் சொல்லும். விடை 32767ஐத் தாண்டினால் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். இப்படிப்பட்ட மூலை முடுக்குகளைத் தேடிப் போக, எழுதியவருக்குக் கை வராது. எதைத் தட்டினால் ஓடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். வாங்கப்போகிறவர் கண்டபடி தட்டுவார். என் கணக்கில், இதற்குப் பதினைந்து வயதுப் பையனைவிடத் தோதான ஆள் கிடையாது.

தசமக் கணக்குக் குறையைப் பிறகு தீர்த்தது மைக்ரோசாஃப்டிடமிருந்து வாங்கிய பேசிக். அதை ஆப்பிளுக்கு ஏற்பச் செப்பனிட்டவர் விக்கிண்டன். 1978 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டிய வட்டு இயக்கிக்கான நிரலிலும் வாஸ்னியாக்குக்குத் துணை நின்றார்.

எஸ்பினோசா அடுத்து கையேட்டில் இறங்கினார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அவர் எழுதிய ஆப்பிள் 2 கையேடு 1979இல் வெளிவந்தது. ரோமிலிருந்த, கணினியின் அடிப்படை வேலைகளைக் கவனிக்கும் மானிட்டர் நிரல் முழுவதும், வரி வரியாக, அதில் அச்சாகியிருந்தது.