‘எதிர்காலமற்ற’ ஊர்கள்: ஆலன்ஸ்வொர்த்தின் குடிநீர் வரலாறு

அமெரிக்காவில் நகராட்சியாக அமைக்கப்படாத சிற்றூர்கள் ஏராளம். அவற்றுக்கு மேயர் இல்லை, மன்றம் இல்லை. நம் ஊராட்சிக்கு ஒப்பான அமைப்பும் பெரும்பாலும் இல்லை. மாவட்டத்துக்கு இணையான கவுண்டி நிர்வாகமே சாலையையும் சாக்கடையையும் தீர்மானிக்கிறது. கலிபோர்னியாவின் ஆலன்ஸ்வொர்த் அத்தகைய ஊர். இன்று அங்கு ஏறத்தாழ 500 பேர் வாழ்கின்றனர்.

அடிமையாகப் பிறந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற ஆலன் ஆலன்ஸ்வொர்த், கறுப்பின மக்கள் தம்மைத் தாமே ஆளும் ஊராக இதை 1908இல் டுலேரி கவுண்டியில் நிறுவினார். பள்ளியும் நூலகமும் எழுந்தன. ஆனால், நிலத்தை விற்ற நிறுவனம் போதிய நீர் தருவதாக அளித்த வாக்கைக் காக்கவில்லை. 1914இல் சான்டா ஃபே ரயில்வே தன் நிறுத்தத்தை அண்டை ஊருக்கு மாற்றியது. அதே ஆண்டில் கர்னலும் விபத்தில் இறந்தார். 1966இல் குடிநீரில் ஆர்செனிக் கண்டறியப்பட்டது.

இதுவரை நிகழ்ந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சிலர் கடந்துவிடக்கூடும். அடுத்து நிகழ்ந்ததை அப்படிக் கடக்க இயலாது. டுலேரி கவுண்டியின் 1971ஆம் ஆண்டுப் பொதுத்திட்டம், ஆலன்ஸ்வொர்த் உள்ளிட்ட 15 ஊர்களை நிலைத்திருக்கும் தகுதியற்றவை என வகைப்படுத்தியது. குடிநீர், கழிவுநீர் வசதிகளை மறுத்தால் அவை காலப்போக்கில் ‘இயல்பாக’ நலிந்துவிடும் என்று அரசு ஆவணமே எழுதிவைத்தது. குழாயை மறுப்பது கொள்கை; அதன் விளைவுக்குப் பெயர் இயற்கை! ஊருக்கும் சேரிக்கும் இடையிலான தொலைவு எப்படி அளக்கப்பட்டது என்பதை அறிந்த நமக்கு இந்தச் சொல்லாட்சி புதிதன்று.

பின்னாளில் அங்குக் குடியேறியோரில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வழிவந்த பண்ணைத் தொழிலாளர்கள். வாழும் மக்கள் மாறினர். ஊரின் மீதான முத்திரை மாறவில்லை. அருகிலேயே பழைய குடியிருப்பை மாநில அரசு வரலாற்றுப் பூங்காவாகப் பேணுகிறது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னோரின் வீடுகளுக்குக் கிடைத்த மரியாதை, உயிரோடிருப்போரின் குடிநீருக்குக் கிடைக்கவில்லை.

2012இல் கலிபோர்னியா, பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. மாநிலத் துறைகள் கொள்கை வகுக்கையில் அவ்வுரிமையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அச்சட்டம். குழாய் பதிக்கும் கடமையை எவர்மீதும் அது சுமத்தவில்லை.